சொந்த உபயோகத்துக்கு மட்டும் செய்தால் காப்புரிமை மீறலா?

வணக்கம். காப்புரிமைச் சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு வலது கை விரல்கள் சரியாக மடங்குவதில்லை. ஸ்பூனைக் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள ஒரு கருவி இருக்கிறது: உள்ளங்கையில் ஒரு பட்டை, அதில் கை எப்படித் திரும்பினாலும் ஸ்பூன் சாயாமல் நிற்க ஒரு சின்ன ஸ்பிரிங் மூட்டு. விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. காப்புரிமை ஆவணத்தில் படத்தோடு எல்லாம் விளக்கமாக இருப்பதால், தெரிந்த பட்டறையில் த்ரீடி பிரிண்டரில் ஒன்று செய்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டில் மட்டும் வாங்கிய காப்புரிமை என்றால் இங்கே செல்லாது, சரி. ஆனால் இது இந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது, 20 வருடமும் முடியவில்லை. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48ஆவது பிரிவு விற்பதை மட்டுமல்ல, செய்வதையும் பயன்படுத்துவதையும்கூடத் தடுக்கும் உரிமையைத் தருகிறது. 47ஆவது பிரிவில் பரிசோதனை, ஆராய்ச்சி, மாணவர்களுக்குக் கற்பிப்பது ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு, ஆனால் அப்பா தினமும் சாப்பிடுவது அதில் எதிலும் வராது. பிரிட்டனின் 1977ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்கமில்லாத தனிப்பட்ட உபயோகத்தைத் தெளிவாகவே விட்டுவிடுகிறது, நம் சட்டத்தில் அப்படி ஒரு வரி என் கண்ணில் படவில்லை.

வீட்டு உபயோகத்துக்காக ஒன்றே ஒன்று செய்தவர் மீது இங்கே வழக்கு ஏதாவது நடந்திருக்கிறதா? கூலி வாங்கிக்கொண்டு செய்துதரும் பட்டறைக்காரருக்குச் சிக்கல் வருமா? அப்புறம், உரிமையாளருக்கே எழுதி அனுமதி கேட்டவர்கள் யாராவது இருந்தால், எப்படிக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று சொல்லுங்கள்.