பலாட்ஸோ தே முற்றத்தில் கட்டைகள் தானாகச் சரிந்தவையா?

கல்லுளி:
இத்தாலியின் மாந்துவா நகரில் கட்டடக் கலைஞர் ஜூலியோ ரொமானோ கட்டிய பலாட்ஸோ தே அரண்மனையின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முற்றத்துச் சுவரில், தூண்களுக்கு மேலே ஓடும் பட்டையில் சில கட்டைகள் கீழே நழுவி நிற்கின்றன. பழுதா, அல்லது விதியை வேண்டுமென்றே மீறிக் காட்டும் 16ஆம் நூற்றாண்டுப் பாணியான மேனரிசமா? படத்தை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா?

சுதைவேலை:
முடியும். அந்தக் கட்டைக்கு ட்ரைகிளிஃப் என்று பேர். மரக்கோயிலில் உத்திரத்தின் முனை வெளியே நீட்டியதன் நினைவு அது என்பார்கள். டோரிக் என்ற பழைய கிரேக்கத் தூண்முறைப்படி, தூண்கள் மேல் நேரடியாகக் கிடக்கும் உத்திரமான ஆர்க்கிட்ரேவுக்கு மேலேதான் அது நிற்கணும். இங்கே இரு தூண்களுக்கு நடுவில் வருவது மட்டும் அதற்குள் இறங்கியிருக்கு. தூணுக்கு நேர்மேலே இருப்பது அசையவில்லை. பழுது இவ்வளவு கணக்காக விழாது. அடுத்து, மேலே முன்தள்ளி ஓடும் விளிம்பான கார்னிஸைப் பாருங்க. நிஜமாகவே சரிந்திருந்தால் அது தொய்ந்திருக்கும், பக்கத்து விளிம்புகள் சிதறியிருக்கும். இங்கே நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுது. கிழக்கு, மேற்குச் சுவர்களில் மட்டும்தான் இந்தக் குறும்பு.

கல் என்றும் நம்பிவிடாதீங்க. மாந்துவா பக்கம் நல்ல கட்டடக் கல் கிடைக்காது. செங்கல் வைத்து, சுதை பூசி, முரட்டுக் கல்லாகக் காட்டியிருக்கார். விழுவது போலத் தெரியும் பாரம் உண்மையில் பூச்சுதான்! கட்டட விதி தெரிந்தவருக்குத்தான் சிரிப்பு வரும். 1520களில் இதைக் கட்டச் சொன்ன மாந்துவாவின் ஆட்சியாளர் ஃபெடரிகோ கொன்ஸாகாவின் அரண்மனை வட்டாரத்துக்கு அது தெரியும்.

நடைக்கூடம்:
ஆனால் எல்லாவற்றையும் குறும்புக் கணக்கில் எழுதாதீர்கள். ஃப்ளாரன்ஸில் மைக்கேலாஞ்சலோவின் லாரென்சியன் நூலக முன்கூடத்தில் தூண்கள் சுவருக்குள் அலமாரியில் வைத்ததுபோல் ஒதுங்கி நிற்கும். வெறும் அலங்காரம் என்று தோன்றும். ஆனால் கூரைப் பாரம் அவற்றின் வழியேதான் இறங்குகிறது. முன்னே தள்ளி நிற்கும் சுவர்ப்பகுதி மெல்லியது. பழைய மடத்துக் கட்டடத்தின் மேல் எழுப்பியதால் கனத்தைக் குறைத்தே ஆகவேண்டும். தூணுக்கு அடியில் உள்ள தாங்கிகள்தான் எதையும் தாங்காதவை.

தூரிகை:
ஓவியத்தில் இன்னொரு குழி உண்டு: முடிக்காமல் விட்டதைப் பாணி என்று படிப்பது. இத்தாலிய ஓவியர் பார்மிஜியானினோவின் ‘நீள்கழுத்து மடோனா’ என்ற மரியன்னை ஓவியத்தில் கழுத்தும் விரல்களும் நீண்டிருப்பது திட்டமிட்டது. பின்னால் தூண்வரிசைக்கு அடிகள் பல, மேலே தூண் ஒன்றே ஒன்று. அதில் எவ்வளவு திட்டம், எவ்வளவு அரைகுறை என்று பிரிப்பது கடினம். 1540இல் அவர் இறந்தார். விதி முந்திக்கொண்டதால் முடிக்க முடியவில்லை என்று படத்திலேயே லத்தீனில் எழுதியிருக்கிறது; தூணின் படியருகே பெரிதாக்கிப் பாருங்கள்.

கல்லுளி:
கார்னிஸ் நேராகத்தான் இருக்கு. நன்றி.