மல்டிசீட்: பல்லிருக்கையா, வேறு ஏதாவதா? (வெள்ளிக்குள் வேண்டும்)

ஸ்ரீராமபுரம்:
அனைவருக்கும் வணக்கம். நம் பெங்களூர் மாலைக் கணினி வகுப்பின் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'மல்டிசீட்'டுக்கு மட்டும் தமிழ்ச் சொல் அமையவில்லை. சிபியு ஒன்றுதான், திரை, கீபோர்டு, மவுஸ் இரண்டிரண்டு. இரு மாணவர் ஒரே நேரத்தில் தனித்தனியாக உள்நுழைந்து வேலை செய்வார்கள். 'பல்பயனர்' என்று போட முடியாது. பத்துப் பேர் தொலைவிலிருந்து உள்நுழைந்தாலும் அது பல்பயனர்தான். லினக்ஸில் சீட் என்பது ஆள் இல்லை. ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, அதில் மாட்டிய திரை, கூடவே கீபோர்டு, மவுஸ், ஒலி எல்லாம் சேர்ந்த கட்டு. ஆள் லாக்அவுட் செய்தால் செஷன் (உள்நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை நடக்கும் வேலை) போகும், சீட் போகாது.

மல்லேஸ்வரம்:
பல் + இருக்கை = பல்லிருக்கை. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும். யாராவது 'பன்னிருக்கை' என்று கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன்: பன்மொழி, பன்முகம் போல மெல்லினம் வந்தால்தான் லகரம் னகரமாகும். தவிர, பன்னிருக்கை என்றால் பன்னிரு கையோடு முருகன்தான் வந்து நிற்பான். 'இரு' என்பதற்கு உட்கார் என்ற பொருளை நாம் பேச்சில் பெரும்பாலும் விட்டுவிட்டோம். மலையாளி 'இரிக்கூ' என்றால் இன்றும் உட்காரச் சொல்கிறான். இங்கே கன்னடத்தில் 'இரு' என்றால் இருந்தால் போதும், நின்றுகொண்டே இருக்கலாம்.

அல்சூர்:
மல்லேஸ்வரம் ஐயா, புணர்ச்சி சரி, பொருள் இடிக்கிறது. புறநானூறு 29இல் வரும் 'நாள்மகிழ் இருக்கை' ஆசனமா? அரசன் பாணர் சூழக் கூடியிருக்கும் அவை. அது செஷனுக்குப் பக்கத்தில் நிற்கிற சொல். செஷனுக்கோ ஏற்கெனவே 'அமர்வு' என்று வைத்துவிட்டோம். இருப்பதும் அமர்வதும் ஒன்றே. 'அமர்வை முடி', 'இருக்கையை மாற்று' என்று அடுத்தடுத்த வரியில் வந்தால் மாணவன் என்ன செய்வான்? ஆசனத்துக்குத் தவிசு என்ற சொல் சும்மாதான் கிடக்கிறது. பல் + தவிசு = பஃறவிசு. பஃறுளி ஆறு, பஃறொடை வெண்பா எல்லாம் நமக்குப் புதிதா?

பெல்லந்தூர்:
பஃறவிசை மெனுவில் பார்த்தால் ஃபாண்ட் உடைந்துவிட்டது என்று பக் ரிப்போர்ட் வரும், ஐயா. மல்டிசீட் என்றே போடலாம்.

சொல் எதுவானாலும் கையேட்டில் இவை வேண்டும். ஒரு கார்டில் இரண்டு போர்ட் இருப்பதால் இரண்டு சீட் கிடைக்காது. சீட் பிரிவது கார்டுவாரியாக. மதர்போர்டிலேயே உள்ள கிராஃபிக்ஸ் ஒன்று, தனிக் கார்டு ஒன்று என்பதுதான் மலிவான வழி. தனிக் கார்டு செருகியதும் பல மதர்போர்டுகள் உள்ளே இருப்பதை அணைத்துவிடும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய்த் திரும்ப ஆன் செய்யவேண்டும். பிறகு 'லாகின்சிடிஎல் சீட்-ஸ்டேட்டஸ் சீட்0' என்ற கட்டளையைக் கொடுத்தால் (சீட்0 என்பது முதல் சீட்) சாதனங்கள் மரம்போல் வரும். அதில் இரண்டாவது கார்டின் பாதையையும் இரண்டாம் கீபோர்டும் மவுஸும் மாட்டிய யூஎஸ்பி ஹப்பின் பாதையையும் 'லாகின்சிடிஎல் அட்டாச் சீட்1' என்பதோடு கொடுத்தால், உள்நுழைவு நிரலான ஜிடிஎம்மோ லைட்டிஎம்மோ அந்தத் திரையிலும் உள்நுழைவைக் காட்டும். கார்டின் ஹெச்டிஎம்ஐ ஒலி தனிச் சாதனமாக நிற்கும். அதையும் சேர்க்காவிட்டால் இரண்டாம் மாணவருக்குச் சத்தம் வராது.

பெரிய வம்பு வேறு. அட்டாச் பதிவு ஹப்பை அது செருகிய போர்ட்டை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. துடைக்கும்போது யாராவது ஹப்பை வேறு போர்ட்டில் மாற்றிச் செருகினால் அந்தக் கீபோர்டு சீட்0க்குப் போய்விடும். இரண்டாம் மாணவர் அடிக்கும் பாஸ்வேர்டு பக்கத்துத் திரையில் விழும். சிபியுவின் பின்பக்கம் அந்தப் போர்ட்டுக்குச் சிவப்பு டேப் ஒட்டச் சொல்லுங்கள். கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 சீட்0இல் மட்டும்தான் வேலை செய்யும், மற்ற சீட்டுக்கு மெய்நிகர் முனையம் (அந்த விசைகளால் வரும் எழுத்துத் திரை) கிடையாது. இதை எழுதாவிட்டால் கணினி தொங்கிவிட்டது என்று பவர் பட்டனை அமுக்குவார்கள், இருவர் வேலையும் போகும்.

மல்லேஸ்வரம்:
சீட் என்று வைத்தால் வேற்றுமை ஏற்றவேண்டும்: சீட்டை, சீட்டில், சீட்டுக்கு. இந்த ஊரில் சீட்டு என்றால் மாதத் தவணை.

பெல்லந்தூர்:
பல்லிருக்கை என்றால் பல் டாக்டர்.

கோரமங்களா:
இரண்டு பேர்தானே? ஈரிருக்கை?

மல்லேஸ்வரம்:
ஈரிரண்டு நான்கு அம்மா. ஈரிருக்கையில் 'ஈரிரு' வரை படித்தவர் நான்கு என்றே எண்ணுவார். பிரேசிலின் பரானா மாநிலப் பள்ளிகளில் உண்மையாகவே ஒரு கணினிக்கு நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எண்ணை உள்ளே வைக்காதீர்கள்.

அல்சூர்:
ஹப்புக்கும் ஒரு சொல் பார்த்துவிடலாமே. 'குவியம்'?

ஸ்ரீராமபுரம்:
ஹப், ஹப்பாகவே போகட்டும் ஐயா, நேரமில்லை. தலைப்பில் பல்லிருக்கை, முதல் பத்தியில் 'மல்டிசீட் என்றும் சொல்வார்கள்' என்று ஒரு வரி, மற்ற இடங்களில் வெறும் இருக்கை. மூவர் சரி என்றார்கள், பெல்லந்தூர் நண்பர் 'ஏதோ ஒன்று' என்றார். அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

அல்சூர்:
என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். இருக்கை நிற்பதானால் அமர்வு போகவேண்டும். செஷனுக்கு 'உள்ளிருப்பு' என்று தனி இழை தொடங்குகிறேன்.

பெல்லந்தூர்:
'உள்ளிருப்பை முடிக்கவா?' என்று கணினி கேட்டால், கோரிக்கை ஏற்கப்பட்டதா என்று மாணவர் திருப்பிக் கேட்பார்.