வெளிச்சம் பட்டால் கிருமி சாகும் கதீட்டர்: வாங்கலாமா?

ஐசியு_நர்ஸ்:
எங்கள் ஆஸ்பத்திரியில் சாமான் வாங்கும் கமிட்டியில் நானும் இருக்கிறேன். போன வாரம் ஒரு கம்பெனி விற்பனை ரெப் வந்து ஊதா நிறத்தில் யூரின் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்ற உடலுக்குள் செருகும் குழாய்) துண்டு ஒன்றைக் காட்டினார். பிளாஸ்டிக்கிலேயே சாயம் ஏற்றியிருக்கிறதாம், அறை வெளிச்சம் பட்டாலே 99.9% கிருமி செத்துவிடுமாம். விலை சாதாரணக் கதீட்டரைப் போலப் பல மடங்கு. டாக்டர்கள் ஆர்வமாக இருக்கிறார்கள். எனக்கு ஒரே சந்தேகம்: கதீட்டர் போய் உட்காரும் இடத்தில் ஏது வெளிச்சம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிலிகான்_குழாய்:
சிஸ்டர், சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். சிலிகான் குழாய் செய்வதுதான் என் தொழில், அதனால் இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து படித்து வருகிறேன்.

சரக்கு பொய் இல்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஐவன் பார்க்கின் குழு பல வருடமாக இதைச் செய்கிறது. சிலிகானை அசிட்டோன் மாதிரி கரைப்பானில் ஊறப்போட்டால் அது வீங்கும்; கரைப்பானோடு சாயமும் உள்ளே போகும். எடுத்துக் காயவிட்டால் பழையபடி சுருங்கி, சாயம் உள்ளே மாட்டிக்கொள்ளும். சாயமும் புதிதல்ல. கிருமிகளுக்கு நிறமேற்றி வகை பிரிக்கும் கிராம் ஸ்டெயினுக்கு லேபில் வைத்திருப்பார்களே, அந்தக் கிரிஸ்டல் வயலெட், அப்புறம் மெத்திலீன் ப்ளூ.

வெளிச்சத்தை வாங்கும் சாயம் அந்தச் சக்தியைப் பக்கத்தில் உள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. அது சிங்லெட் ஆக்சிஜனாக, அதாவது சக்தி ஏறிய ஆக்சிஜனாக மாறி, கிருமியின் சவ்வு, புரதம், டிஎன்ஏ என்று கிடைத்ததையெல்லாம் சிதைக்கும். ஒரே இடத்தைத் தாக்காததால் கிருமி பழகிக்கொள்வது கடினம். எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான். ஆனால் தண்ணீரில் இந்த ஆக்சிஜனின் ஆயுள் சில மைக்ரோ விநாடிதான், ஒரு மைக்ரான்கூடப் போகாது. பரப்பை ஒட்டி இருப்பது சாகும். அதற்கு மேல் உயிரிப்படலம் (கிருமிகள் கூட்டமாக ஒட்டி வளரும் படலம்) தடிமனாகப் படிந்துவிட்டால் மேலடுக்கில் இருப்பவை தப்பித்துவிடும்.

இருட்டிலும் வேலை செய்யும் என்று ரெப் சொன்னால் அதற்கும் ஆதாரம் உண்டு. 2014-இல் அதே குழு இரண்டு சாயங்களோடு தங்க நானோ துகளையும் சேர்த்து, இருட்டிலும் கொல்வதாகக் காட்டியது. ஆனால் வெளிச்சத்தில் நடப்பதைவிட மெதுவாகத்தான்.

லேப்_மாடி:
99.9% என்றால் பத்து லட்சத்தில் ஆயிரம் உயிரோடு மிச்சம். அதுவும் எந்தச் சோதனையில்? ஐஎஸ்ஓ 22196 (பரப்பு கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்கும் சர்வதேசச் சோதனை முறை) என்றால் கிருமித் திரவத்தை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, 35 டிகிரியில் 24 மணி நேரம் ஈரத்தோடு வைப்பது. அதில் வெளிச்சக் கணக்கே கிடையாது. சிறுநீர், ரத்தம், சளி படிந்த பரப்பில் அந்தப் புரதங்களே சிங்லெட் ஆக்சிஜனைக் குடித்துவிடும். இன்னொன்று, கிரிஸ்டல் வயலெட்டும் ஜென்ஷியன் வயலெட்டும் ஒன்றுதான். புற்றுநோய் அபாயம் இருக்கலாம் என்று 2019-இல் கனடா சுகாதாரத் துறை எச்சரித்தது. சாயம் எவ்வளவு கசிகிறது என்ற ரிப்போர்ட்டைக் கட்டாயம் கேளுங்கள்.

ஐசியு_நர்ஸ்:
நன்றி சார். அப்படியென்றால் வெளியே இருக்கும் பாகங்களுக்கு மட்டுமாவது? யூரின் பையின் குழாய்த் திருகை ஷிஃப்டுக்கு எத்தனையோ கைகள் தொடுகின்றன.

சிலிகான்_குழாய்:
வெளிப்பாகம் என்றால் நானும் ஆதரிப்பேன். சென்ட்ரல் லைனின் (பெரிய ரத்தக் குழாய்க்குள் செருகும் குழாய்) வெளி முனை, கீபோர்டு உறை, கட்டில் கம்பி எல்லாம் இதற்கு ஏற்றவை. 2020-இல் கிரிஸ்டல் வயலெட்டோடு 25 தங்க அணுக்கள் கொண்ட கொத்தைச் சேர்த்து, சுமார் 300 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) வெளிச்சத்திலேயே வேலை செய்ய வைத்தார்கள். முந்தைய பல சோதனைகளுக்கு ஆயிரக்கணக்கில் லக்ஸ் தேவைப்பட்டது. ரெப்பிடம் எத்தனை லக்ஸ், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.

கதீட்டருக்கு மட்டும் ஒரு பழைய பாடம் இருக்கிறது. வெள்ளி பூசியவை லேபில் நன்றாகத்தான் இருந்தன. பிரிட்டனில் 24 ஆஸ்பத்திரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பார்த்து 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்: அறிகுறியுள்ள தொற்று குறையவில்லை. தேவையில்லாத கதீட்டரைச் சீக்கிரம் எடுப்பதற்கு ஈடாக எந்தச் சாயத்தையும் நான் சொல்ல மாட்டேன்.

ஐசியு_நர்ஸ்:
போன் ஆப் வைத்து இரவு ஷிஃப்டில் அளந்தேன். தலைமாட்டில் 90 லக்ஸ், பை தொங்கும் இடத்தில் 12.

லேப்_மாடி:
ஆப் கணக்கு கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனாலும் 300 எங்கே, 12 எங்கே! சாம்பிள் வாங்கி உங்கள் மைக்ரோபயாலஜி லேபிலேயே அந்த 12 லக்ஸில் சோதிக்கச் சொல்லுங்கள். ரெப் சம்மதிக்கவில்லையென்றால் கமிட்டியில் அதையே எழுதி வையுங்கள்.