அபோரிஜினல் பெயிண்டிங்ல லாடம் மாதிரி வர்றது என்ன?

மக்களே ஒரு டவுட்டு. மெல்பர்ன்ல இருக்குற அத்தை பையன் ஊருக்கு வந்தப்போ அபோரிஜினல் (ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களோட) பெயிண்டிங் பிரிண்ட் ஒண்ணு குடுத்தான். ஃபுல்லா புள்ளி, நடுவுல வட்டத்துக்குள்ள வட்டம், சுத்தி லாடம் மாதிரி நாலு. எங்கம்மா பாத்துட்டு "புள்ளி வச்சுட்டு கோலம் போட மறந்துட்டாங்களா"ங்குறாங்க. அதுல கதை இருக்குன்னு சொன்னான், என்ன கதைன்னா முழிக்கிறான். நெஜமாவே படிக்க முடியுமா இல்ல விக்கிறதுக்கு அடிச்சு விடுறாங்களா?

பதில் 1:
படிக்கலாம் ப்ரோ. மேலேருந்து பாக்குற மாதிரி பாருங்க. அந்த லாடம், மணல்ல ஒருத்தர் உக்காந்து எந்திரிச்சா பதியிற தடம். பக்கத்துல தோண்டுற குச்சி இருந்தா பொம்பள, ஈட்டி இருந்தா ஆம்பள. வட்டம் பெரும்பாலும் தண்ணி இருக்குற எடம், இல்லேன்னா தங்குற எடம். பாலைவனத்துல மணல்ல விரலால வரைஞ்சுகிட்டே கதை சொல்லுவாங்க, அடுத்த கட்டம் வந்தா கையால அழிச்சுட்டு மறுபடி வரைவாங்க. 1971ல நடு ஆஸ்திரேலியாவுல பாப்புன்யாங்குற ஊர்ல ஸ்கூல் சுவத்துல தேன் எறும்பு கதையை வரைஞ்சாங்க, அதுக்கப்புறம்தான் போர்டு, கேன்வாஸ்னு பெருசாச்சு. அந்த சுவரையே பின்னாடி பெயிண்ட் அடிச்சு மறைச்சுட்டாங்க, அது தனி வயித்தெரிச்சல்.

பதில் 2:
கதைன்னு மட்டும் சொன்னா பத்தாது, அது பட்டா மாதிரி. மேற்கு ஆஸ்திரேலியாவுல ஙுரரா கேன்வாஸ்னு ஒண்ணு இருக்கு (நம்ம ங-வுக்கு கடைசில ஒரு வேலை கெடச்சுது). நிலம் எங்களுதுன்னு இங்கிலீஷ்ல வாதாட முடியலன்னு 1997ல நாப்பதுக்கும் மேல பேர் சேர்ந்து 8க்கு 10 மீட்டர்ல அவங்க நிலத்தையே வரைஞ்சாங்க. தீர்ப்பாயத்து ஆளுங்க முன்னாடி அதைத் தரையில விரிச்சு, அவங்கவங்க நீர்ச்சுனை இருக்குற எடத்துல ஏறி நின்னு அவங்கவங்க பாஷையில பேசினாங்க. உரிமை கெடச்சது 2007ல, பத்து வருஷம் இழுத்துச்சு.

பதில் 3:
ஆனா எல்லாத்தையும் நாம படிச்சுட முடியாது, சடங்கு விஷயங்கள வெளியாளுங்க கண்ணுல படாம மறைக்கவும் புள்ளி வச்சிருக்காங்க. ப்ரோ, பின்னாடி வரைஞ்சவர் பேரு, ஊரு போட்டிருக்கா பாருங்க, டூரிஸ்ட் கடையில போலி நெறைய ஓடுது.

கேட்டவர்:
மூணு லாடத்துக்குப் பக்கத்துல குச்சி இருக்கு, நாலாவது சின்னது, பக்கத்துல ஒண்ணும் இல்ல, குழந்தையா இருக்குமோன்னு அம்மா சொல்றாங்க. திருப்பிப் பாத்தேன். பேரும் இல்ல ஊரும் இல்ல, விலை ஸ்டிக்கர் மட்டும் இருக்கு 🤦