புதுப்பிப்பு: தங்கை கல்யாணம் நல்லபடியாக முடிந்தது

40 பேர் வரும் கல்யாணத்துக்கு ஒரே ஒரு போட்டோகிராபர் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். தாராளமாகப் போதும்.

வீட்டுக் கூடத்திலேயே சுயமரியாதைத் திருமணம். மாலை மாற்றி, தாலி கட்டினார்கள். இந்து திருமணச் சட்டத்தில் 1967 திருத்தம் சேர்த்த 7ஏ பிரிவுப்படி இது செல்லும்.

நீங்கள் சொன்னபடியே டிரோன், மேடை விளக்கு எதுவும் இல்லை. 35 எம்எம் லென்ஸ், ஜன்னல் வெளிச்சம், அவ்வளவுதான். குடும்பப் படங்களுக்கு மட்டும் பெயர்ப் பட்டியல் எழுதிச் சித்தப்பா கையில் கொடுத்தோம். 20 நிமிடத்தில் முடித்துவிட்டார். எனக்கு உயிரான படம் ஒன்று: வாயில் ஊக்கைக் கவ்வியபடி அம்மா குனிந்து தங்கையின் கொசுவத்தைச் சரி செய்கிறார். இருவருமே கேமராவைக் கவனிக்கவில்லை.

அப்புறம், திருமணப் பதிவை மறந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் செய்ய வேண்டும். நாங்கள் அடுத்த வாரம் போகிறோம்.