புதுப்பிப்பு: பழைய லேசர் பிரிண்டர் விண்டோஸ் 11-ல் வேலை செய்கிறது

விண்டோஸ் 7-ல் ஒழுங்காக ஓடிய யுஎஸ்பி பிரிண்டர், புதுக் கணினியில் மாட்டினால் ‘டிரைவர் இல்லை’ (அதாவது, பிரிண்டரை இயக்கும் மென்பொருள் இல்லை) என்று நிற்கிறது எனப் போன வாரம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி, வேலை முடிந்தது.

இந்த மாடலுக்குக் கிடைப்பது 32-பிட் டிரைவர் மட்டும். புதுக் கணினியில் உள்ள 64-பிட் விண்டோஸ் அதை ஏற்காது; பழைய விண்டோஸ் போல நடந்துகொள்ளச் செய்யும் காம்பேட்டிபிலிட்டி மோடில் முயன்றதும் வீண். கைகொடுத்தது, கணினி அனுப்பும் அச்சுக் கட்டளைகளில் பிரிண்டருக்கு எந்த மொழி புரியும் என்று முதலில் பார்க்கச் சொன்ன யோசனைதான். பட்டனை அழுத்திப் பிடித்துச் சோதனைத் தாள் எடுத்தேன்; கீழே பொடி எழுத்தில் பிசிஎல் 6 என்று அந்த மொழியின் பெயர் இருந்தது. சரி என்று, பிரிண்டரை நாமே சேர்க்கும் வழியில் போய், மைக்ரோசாஃப்ட் பட்டியலில், அந்த மொழிக்கான பொது டிரைவரான பிசிஎல்6 கிளாஸ் டிரைவரைத் தேர்ந்தெடுத்தேன். போர்ட் (பிரிண்டர் மாட்டியிருக்கும் இணைப்பு) எல்பிடி1 என்ற பழைய வகையாகவே வந்து நின்றது, அதை யுஎஸ்பி001 என்று மாற்ற வேண்டும். இதைக் கவனிக்காமல் அரை மணி நேரத்தை வீணாக்கினேன்.

எதிர்பாராத ஒன்று: தட்டு நிறையத் தாள் இருந்தும் தாள் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. டிரைவர் கேட்டது லெட்டர் எனும் அமெரிக்கத் தாள் அளவு, தட்டில் இருந்தது ஏ4! டிரைவரில் அளவை ஏ4 என்று மாற்றியதும் கடகடவென்று தாள் வந்தது.

டோனர் (அச்சு மைத்தூள்) எவ்வளவு மீதி என்பது மட்டும் இப்போது திரையில் தெரிவதில்லை.