டி டிரைவை ஃபேட்32-லிருந்து என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றியதும் கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறது

கோத்தகிரி ஸ்டூடியோ:
வணக்கம். கோத்தகிரியில் சின்னதாக ஸ்டூடியோ நடத்துகிறேன். எடிட்டிங் மெஷினில் விண்டோஸ் 7. டி டிரைவ் என்பது பழைய மெஷினிலிருந்து கழற்றி மாட்டிய 160 ஜிபி சாட்டா டிஸ்க், முழுக்க ஃபேட்32 (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் பழைய முறை). பேரகணியில் எடுத்த ஹெத்தையம்மன் திருவிழா வீடியோவை ஒரே ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்தால் 4 ஜிபியைத் தொட்டதும் நின்றுவிடும். அதனால் டேட்டா அழியாமல் புதிய முறையான என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றித்தரும் கன்வெர்ட் கட்டளையைக் கொடுத்தேன். மாறிவிட்டது. ஃபைல்கள் பத்திரம், பெரிய வீடியோவும் ஏறுகிறது.

ஆனால் அன்றிலிருந்து டைம்லைனை இழுத்தால் படம் அப்படியே உறைந்து நிற்கிறது. போட்டோ ஃபோல்டரைத் திறந்தால் மேலே அந்தப் பச்சைப் பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கிறது, நான் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம். டிஸ்க் லைட் அணைவதே இல்லை. சிபியு சும்மாதான் இருக்கிறது. பேசாமல் ஃபேட்32-க்கே திரும்பிவிடலாமா?

கணினிப்பித்தன்:
விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்க ப்ரோ. எல்லாம் சரியாகிவிடும்.

குன்னூர் சர்வீஸ்:
விண்டோஸைத் தொட வேண்டாம்ங்க. கோளாறு டி டிரைவில் இருக்கும்போது சி டிரைவை அழித்து என்ன ஆகப்போகிறது? எதற்கெடுத்தாலும் பார்மட் என்று சொல்லிச் சொல்லியே நம் தொழிலின் பேரைக் கெடுத்துவிட்டார்கள்.

அட்மினிஸ்ட்ரேட்டராக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து "எஃப்எஸ்யூடில் எஃப்எஸ்இன்ஃபோ என்டிஎஃப்எஸ்இன்ஃபோ டி:" என்று அடியுங்கள். வருகிற பட்டியலில் "பைட்ஸ் பெர் கிளஸ்டர்" என்ற வரியைப் பாருங்கள். கிளஸ்டர் என்பது ஃபைலுக்கு டிஸ்க்கில் ஒதுக்கும் மிகச் சிறிய இடத்துண்டு. 4096 இருந்தால் வேறு காரணம் தேடுவோம். 512 என்று இருந்தால் பாதி விடை கிடைத்த மாதிரி.

ஏன் சொல்கிறேன் என்றால், விண்டோஸில் புதிதாக என்டிஎஃப்எஸ் பார்மட் செய்தால் இந்த அளவு டிஸ்க்குக்கு 4096 பைட் கிளஸ்டர் வரும். கன்வெர்ட் அப்படியில்லை. இருக்கிற டேட்டாவை நகர்த்தாமல் அதன் மேலேயே புது அமைப்பைக் கட்டுகிறது. ஃபேட்டில் டேட்டா தொடங்கும் இடம் 4 கேபி எல்லையில் சரியாக உட்காரவில்லை என்றால் 512-க்கு இறங்கிவிடும். உங்கள் டிஸ்க்கில் அதற்கு வாய்ப்பு அதிகம். விண்டோஸ் 7-ன் பார்மட் வசதி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 போட்டுத் தராது. ஆகவே 160 ஜிபியையும் யாரோ வேறு டூலில்தான் போட்டிருக்கிறார்கள்.

512 ஆனால் என்ன? 1 ஜிபி வீடியோவுக்கு 2,62,144 கிளஸ்டர் போதும் என்கிற இடத்தில் 20,97,152 கணக்கு வைக்க வேண்டும். ஃபைல் துண்டு துண்டாகச் சிதறவும் அத்தனை இடம். போதாததற்கு, எல்லா ஃபைலின் விவரத்தையும் வைத்திருக்கும் எம்எஃப்டி அட்டவணையும், ஏற்கெனவே நிரம்பிய டிஸ்க்கில் கிடைத்த சந்துபொந்தில் உட்கார்ந்திருக்கும். டிஸ்க்கின் ஹெட் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் லைட் அணையாமல் எரிவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஃபேட்32-க்குத் திரும்புவது வேண்டாம். கன்வெர்ட் ஒருவழிப் பாதை, திரும்ப பார்மட்தான் செய்ய வேண்டும். செய்தாலும் அதே 4 ஜிபி தொல்லை.

கொடைக்கானல் மூர்த்தி:
சர்வீஸ் அண்ணன் சொல்வது சரி. கூடவே டிஸ்க்கின் உடல்நிலையையும் பார்த்துவிடுங்கள் சார். ஏற்கெனவே தள்ளாடும் டிஸ்க் இந்த மாதிரி வேலையின்போது படுத்துவிடலாம். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 05 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார்), சி5 (சந்தேகத்தில் இருக்கும் செக்டார்) இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி7 (டேட்டா கடத்தும்போது வரும் பிழை) ஏறிக்கொண்டே போனால் கேபிள் கோளாறாக இருக்கலாம். இங்கே மழைக்காலத்தில் கேபிள் முனையில் பச்சை பூத்து நானே பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் கேட்கவா வேண்டும்.

கோத்தகிரி ஸ்டூடியோ:
பார்த்தேன். 05, சி5 பூஜ்யம். சி7-ல் ஏதோ எண் இருக்கிறது, கேபிளை மாற்றியபின் ஏறவில்லை, ஆனால் வேகமும் மாறவில்லை. பைட்ஸ் பெர் கிளஸ்டர் 512! டிஃப்ராக் போட்டால் போதுமா அண்ணா?

குன்னூர் சர்வீஸ்:
போதாதுங்க. டிஃப்ராக் துண்டுகளை ஓரளவு சேர்க்கும், கிளஸ்டர் அளவை மாற்றாது. எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு எடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, டி-யை பார்மட் செய்யுங்கள். அலொகேஷன் யூனிட் சைஸில் (கிளஸ்டர் அளவுதான்) 4096 வையுங்கள். வெறும் வீடியோ மட்டும்தான் போடுவீர்கள் என்றால் 64 கேபியும் வைக்கலாம், ஆனால் நீங்கள் போட்டோ, தம்ப்நெயில் என்று குட்டி ஃபைல்களும் வைக்கிறீர்கள், ஒவ்வொன்றிலும் இடம் வீணாகும். குவிக் பார்மட் டிக்கை எடுத்துவிடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் விண்டோஸ் 7 டிஸ்க் முழுவதையும் எழுதி, கெட்ட செக்டார் இருக்கிறதா என்றும் பார்த்துவிடும்.

யுபிஎஸ் பேட்டரியை முதலில் சோதியுங்கள். காற்றடித்து மரம் லைனில் விழுகிற நாளில் இந்த வேலையை ஆரம்பிக்க வேண்டாம்.

கோத்தகிரி ஸ்டூடியோ:
நன்றி அண்ணா. மச்சானிடம் 1 டிபி வெளி டிஸ்க் இருக்கிறது, காப்பி போட ஆரம்பித்துவிட்டேன். காப்பியே ஆமை வேகம்தான்.

குன்னூர் சர்வீஸ்:
அதே 512-லிருந்துதானே படிக்கிறது, அப்படித்தான் இருக்கும். ராத்திரி விட்டுவிட்டுப் போங்கள், ஸ்லீப் மோடை மட்டும் அணைத்துவிடுங்கள்.